கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பது பாதிக் கணக்கு: மயக்க மருந்தைத் தேர்வதும் அளப்பதும்

மயக்கவியல் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் கேள்வி இது: “தூங்க வைக்கும் புரோபோஃபால் ஊசி கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று படித்தேன். எடையால் பெருக்கிக் கொடுத்தால் ஒருவருக்குச் சரியாக இருக்கிறது, இன்னொருவருக்கு பி.பி. படுத்துவிடுகிறது. ஆளைப் பார்த்து மருந்தையும் அளவையும் எப்படி முடிவு செய்வது?”

பெருக்கி வரும் எண் தப்பில்லை. ஆனால் அது நல்ல உடல்நிலையில் இருக்கும் நடுவயதுக்காரரை மனத்தில் வைத்துச் சொன்ன எண். முதியவர், ரத்தம் இழந்தவர், உடல் பருத்தவர், கைக்குழந்தை, கர்ப்பிணி என்று ஆள் மாறும்போது எடையைவிட முக்கியமாகிவிடுவது ரத்த ஓட்டம். ரத்தநாளத்தில் போட்ட மருந்தின் முதல் சுற்றில் பெரும்பங்கு மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று ரத்த ஓட்டம் அதிகமுள்ள உறுப்புகளுக்குத்தான் போகிறது. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் அந்த மருந்து நிறைய ரத்தத்தில் கலந்து நீர்த்துப் போகும். 2.5 லிட்டர்தான் தள்ளுகிறது என்றால் அதே மருந்து பாதி ரத்தத்தில் அடர்த்தியாகப் போய்ச் சேரும், அதுவும் தாமதமாக. ஆபத்து இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. முப்பது வினாடி கழித்தும் நோயாளி கண்ணை மூடவில்லை என்று இன்னும் 5 மில்லி தள்ளுவார்கள். பிறகு முதலில் போட்டதும் அடுத்துப் போட்டதும் சேர்ந்து வேலை செய்யும்.

அளவுக்கு முன்னால் முறையைத் தீர்மானிக்க வேண்டும். அறுவை எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்த நிலையில் படுக்க வைப்பார்கள், வயிறு காலியா, மூச்சுக்குழாய் வைப்பது எளிதா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, இதய வால்வு எப்படி, நோயாளிக்கு என்ன விருப்பம்? இவ்வளவுக்கும் பதில் கிடைத்தால் தேர்வு பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். தொப்புளுக்குக் கீழே, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் அறுவை என்றால் ஸ்பைனல் (முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்வது) நல்ல வழி. கை என்றால் தோள்நரம்புப் பிளாக், அதாவது நரம்பருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்வது. மேல்வயிறு, லேப்ராஸ்கோப்பி, நெஞ்சு, மண்டை என்றால் முழு மயக்கம். வயிறு நிறைந்திருக்கும் நோயாளிக்கு லேசான தூக்க மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பதுதான் மிக மோசமான தேர்வு. இருமும் திறன் போய்விடும், மூச்சுக்குழாய்க்கோ பாதுகாப்பு இருக்காது. தெளிந்த நீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, லேசான உணவு 6, எண்ணெய்ப் பதார்த்தமோ இறைச்சியோ 8 மணி நேரம் என்ற பட்டினிக் கணக்கு திட்டமிட்ட அறுவைக்குத்தான். குடல் அடைப்பு, விபத்து, பிரசவ வலி என்றால் எத்தனை மணி நேரம் ஆகியிருந்தாலும் வயிறு நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் போடும் செமாக்ளூட்டைடு வகை ஊசிகளும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் அதைத் தனியாகவே கேட்டுவிடுங்கள்.

ஸ்பைனல் கூடாதவர்களில் இரண்டு வகையினர் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள். ஒன்று, பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர். அவருடைய இதயத்தால் திடீரென்று அதிக ரத்தத்தைத் தள்ள முடியாது. ஸ்பைனலில் கால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பி.பி. விழுந்தால், இதயத் தசைக்கே ரத்தம் போகாது. படிக்கட்டில் மயங்கி விழுந்திருக்கிறாரா என்று கேட்டு, நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டால் இதைப் பிடித்துவிடலாம். மற்றொன்று, ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர். ஆஸ்பிரின் மட்டும் என்றால் தடையில்லை. குளோபிடோகிரெல் நிறுத்தி 5 முதல் 7 நாள், ரிவராக்ஸபேன், அபிக்ஸபேன் நிறுத்தி 72 மணி நேரம், தடுப்பு அளவு எனாக்ஸபாரின் போட்டு 12 மணி நேரம், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, கால் நிரந்தரமாகச் செயலிழக்கலாம்.

இப்போது ஓர் உதாரணம். 82 வயதுப் பாட்டி, 45 கிலோ, தொடை எலும்பு முறிவு. நேற்றுவரை குளோபிடோகிரெல் சாப்பிட்டிருக்கிறார், அறுவையை ஒரு வாரம் தள்ளிப்போடவும் முடியாது. அதனால் முழு மயக்கம். கிலோவுக்கு 2 என்று பெருக்கினால் 90 மில்லிகிராம், அதாவது 1 சதவீதப் புரோபோஃபாலில் 9 மில்லி. அதை ஒரே மூச்சில் தள்ளினால் மேல் பி.பி. 60க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. இந்த வயதில் கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் என்பதுதான் எழுத்தில் இருக்கும் அளவு. நடைமுறையில் அதற்கும் குறைவே போதும், மெதுவாகக் கொடுத்தால்.

முதலில் பி.பி. கருவியை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும்படி மாற்றுங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் விட்டால், விழுந்தது தெரிவதற்குள் நாலு நிமிடம் போய்விடும். பி.பி.யை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் முன்பே கலக்கித் தயாராக இருக்கட்டும்: 10 மில்லிகிராம் ஆம்ப்பியூலை மொத்தம் 100 மில்லி சலைனாகக் கலந்தால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். கலக்கிய சிரிஞ்சில் லேபிள் ஒட்டாமல் மேசையில் வைக்கக் கூடாது. கலக்காத 1 மில்லியைத் தவறுதலாகப் போட்டால் நூறு மடங்கு மருந்து உள்ளே போகும், மூளையில் ரத்தக்கசிவுவரை போகலாம். முகமூடியை இறுக்கமாகப் பிடித்து மூன்று நிமிடம் ஆக்சிஜன். வலியடக்கும் ஃபென்டனில் 25 மைக்ரோகிராம். அதன் உச்சம் மூன்று நான்கு நிமிடத்தில்தான் வரும் என்பதால் அதை முதலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பிறகு புரோபோஃபால் 2 மில்லி. டிரிப் வேகமாக ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மருந்து குழாயிலேயே தங்கிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு நிமிடம் பொறுங்கள். இன்னொரு 1 அல்லது 2 மில்லி. சொல் குழறும், பதில் நின்றுபோகும், இமைமுடியை விரலால் தடவினால் இமை துடிக்காது. பெரும்பாலும் 4, 5 மில்லிக்குள் இந்த இடத்துக்கு வந்துவிடுவார். 9 மில்லி எடுத்து வைத்ததில் பாதி சிரிஞ்சிலேயே இருக்கும். சராசரி பி.பி. 65க்குக் கீழே போனால் ஃபினைலெஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம். நாடித்துடிப்பும் மெதுவாக இருந்தால் எஃபெட்ரின் 6 மில்லிகிராம் பொருந்தும்.

ரத்தம் இழந்து ஷாக்கில் வருபவரிடம் இதே தத்துவம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். நேரம் இருந்தால் முதலில் ரத்தமும் திரவமும் ஏற்றுங்கள். மருந்தைத் தேர்வதைவிட அதுதான் அவரைக் காப்பாற்றும். கெட்டமின் என்ற தூக்க மருந்து வழக்கமாகக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். இங்கே 0.5 முதல் 1 போதும். கெட்டமின் பி.பி.யை ஏற்றும் என்ற நம்பிக்கையில் முழு அளவைப் போடாதீர்கள். அது ஏற்றுவது உடம்பின் சொந்த அட்ரினலினை வெளியே தள்ளித்தான். மணிக்கணக்காக ஷாக்கில் கிடந்தவரிடம் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அப்போது கெட்டமின் நேரடியாக இதயத்தைத் தளர்த்துவதுதான் மிஞ்சும். எட்டோமிடேட் என்ற இன்னொரு தூக்க மருந்து, கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மில்லிகிராம், பி.பி.யை அதிகம் தொடாது. ஆனால் ஒரே ஒரு ஊசிகூட அட்ரினல் சுரப்பியில் கார்டிசோல் உற்பத்தியைப் பல மணி நேரம் தடுக்கும் என்பதால் செப்சிஸ் (கடும் கிருமித்தொற்று) நோயாளியிடம் பலரும் தயங்குகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தூக்க மருந்தைக் குறைக்கும் கை, பழக்கத்தில் தசைத்தளர்வு மருந்தையும் குறைத்துவிடும். அது தவறு. தசைத்தளர்வு மருந்து பி.பி.யை அதிகம் பாதிப்பதில்லை, ரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதால் தசைக்குப் போய்ச்சேர நேரமும் ஆகும். ஆகவே ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் முழுசாகக் கொடுத்து, ஒரு நிமிடத்துக்குமேல் பொறுத்துக் குழாய் போடுங்கள். வாயு மருந்திலோ கதை தலைகீழ்: இதயம் குறைவாகத் தள்ளும்போது நுரையீரலில் வாயுவின் அடர்த்தி சீக்கிரம் ஏறும், மயக்கமும் சீக்கிரம் ஆழமாகும். ஷாக் நோயாளிக்கு வேப்பரைசரை (வாயு மருந்தின் அளவை வைக்கும் கருவி) வழக்கமான எண்ணில் திறந்தால் அதுவே அதிகமாகிவிடும்.

உடல் பருத்தவரிடம் எடை ஒன்றல்ல, மூன்று. 160 சென்டிமீட்டர் உயரம், 120 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம், பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) சுமார் 47. உயரத்திலிருந்து 105ஐக் கழித்தால் இலட்சிய எடை 55 கிலோ (ஆணுக்கு 100ஐக் கழிக்க வேண்டும்). கொழுப்பு நீக்கிய எடைக்குச் சூத்திரம் உண்டு: பெண்ணுக்கு 9270 × எடை ÷ (8780 + 244 × பி.எம்.ஐ.), ஆணுக்கு 9270 × எடை ÷ (6680 + 216 × பி.எம்.ஐ.). இவருக்கு அதுவும் 55 கிலோவே வருகிறது. மயக்கத்தைத் தொடங்கும் புரோபோஃபாலை இந்த 55க்குக் கணக்கிட்டால் 110 மில்லிகிராம். தராசு காட்டும் எடைக்குக் கணக்கிட்டால் 240. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, முதல் சுற்றில் அது மருந்தை வாங்கிக்கொள்ளாது. ஆனால் புரோபோஃபாலைத் தொடர்ந்து செலுத்தும்போது நிலைமை மாறும், கழிவும் பரவலும் கூடும். அதற்கு இலட்சிய எடையோடு மிகை எடையில் 40 சதவீதம் சேர்த்து, இவருக்கு 81 கிலோ என்று வைப்பது நல்ல தொடக்கம். ரோகுரோனியம் இலட்சிய எடைக்கு: 0.6 வீதம் 33 மில்லிகிராம், அவசரத்துக்கு 1.2 வீதம் 66. இன்னொரு தசைத்தளர்வு மருந்தான சக்சினைல்கோலின் மட்டும் மொத்த எடைக்கு, கிலோவுக்கு 1 வீதம் 120 மில்லிகிராம். அதைச் சிதைக்கும் நொதியும் உடல்நீரும் பருத்தவரிடம் கூடுதலாக இருப்பதே காரணம். ரோகுரோனியத்தின் தளர்வை நீக்கும் சுகமடெக்ஸும் மொத்த எடைக்குத்தான். அதைக் குறைத்துப் போட்டால், வார்டுக்குப் போனபின் தசைத்தளர்வு திரும்பிவரலாம்.

மருந்தைவிட இவரிடம் முக்கியம் படுக்கை. தோளுக்கும் தலைக்கும் அடியில் துணிகளை அடுக்கி, பக்கவாட்டில் பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே கிடைக்கோட்டில் வரும்படி உயர்த்துங்கள். மட்டமாகப் படுக்க வைத்தால் வயிறு நுரையீரலை அழுத்தி, மூச்சு நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் ஆக்சிஜன் சரிந்துவிடும். வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட்ட பிறகே மருந்தைத் தொடங்குங்கள்.

குழந்தைக்கு முதல் மருந்து தராசு. 1 முதல் 10 வயதுவரை வயதோடு 4ஐக் கூட்டி இரண்டால் பெருக்கும் கணக்கு (3 வயதுக்கு 14 கிலோ) அவசரத்துக்கு மட்டும். இங்கே நடக்கும் பெரிய பிழை தசமப்புள்ளி. 1.4 மில்லி போட வேண்டிய இடத்தில் 14 மில்லி போகாது, அதைக் கண்ணே பிடித்துவிடும். ஆனால் 0.14 மில்லி போட வேண்டிய இடத்தில் 1.4 மில்லி போனால் யாருக்கும் உறுத்தாது. அதனால் வீரியமான மருந்துகளை நீர்த்துக் கலக்கி, கணக்கை இன்னொருவரிடம் சத்தமாகச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

கிலோ கணக்கில் பார்த்தால் குழந்தைக்கு மருந்து கூடுதலாகவே தேவை: புரோபோஃபால் 2.5 முதல் 3.5, கைக்குழந்தைக்குச் சக்சினைல்கோலின் 2 மில்லிகிராம். பிறந்த சிசு இந்த விதிக்கு வெளியே. அதன் கல்லீரல் முதிரவில்லை, ஒரு முறை போட்ட மருந்து நெடுநேரம் நிற்கும். முகமூடி வழியாகச் செவோஃப்ளூரேன் என்ற வாயு மருந்தை 8 சதவீதத்தில் கொடுத்துத் தூங்க வைப்பது வழக்கம். தூங்கியதும் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கத் தொடங்குவோம். அந்த நொடியில் வேப்பரைசரைக் குறைக்க மறந்தால் போதும், நாடி 60க்கு இறங்கிவிடும். குழந்தையின் மூச்சு மட்டும் இருந்தவரை அளவு தானாகக் கட்டுப்பட்டது, நாம் அழுத்தத் தொடங்கியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. குரல்நாண் இறுகிக்கொண்டால் முதலில் 100 சதவீத ஆக்சிஜன், தாடையை முன்னால் தள்ளி விடாத அழுத்தம். பிறகு புரோபோஃபால் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். அதற்கும் விடாவிட்டால் சக்சினைல்கோலின். கேனுலா (ரத்தநாளத்தில் செருகும் ஊசிக்குழாய்) இல்லை என்றால் தசையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம்.

வாயு மருந்தை அளக்கும் ‘மேக்’ எடையையே கேட்பதில்லை. தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமலிருக்கும் அடர்த்தி அது. நாற்பது வயதில் செவோஃப்ளூரேனுக்கு ஏறக்குறைய 2 சதவீதம், ஐசோஃப்ளூரேனுக்கு 1.15, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. அதன்பின் பத்தாண்டுக்கு சுமார் 6 சதவீதம் வீதம் குறையும். எண்பது வயதில் செவோஃப்ளூரேன் 1.4, 1.5 போதும். இயந்திரத்தில் வயதைப் பதியாமல் விட்டால் அது காட்டும் ‘மேக் 1’ முதியவருக்கு 1.3, 1.4 ஆக இருக்கும். மறுபக்கம், வயதுக்குத் திருத்திய மேக் 0.7க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்படி வையுங்கள், அறுவைக்கு நடுவில் விழித்துக்கொள்ளும் கொடுமையைத் தடுக்க அது உதவும். ரத்தநாளம் வழியே மட்டும் மயக்கம் கொடுத்தால் வெளிமூச்சில் அளக்க எதுவும் கிடையாது. பம்ப் சரியாக ஓடும், மருந்தோ கேனுலா நழுவிப் போர்வைக்கடியில் கசிந்துகொண்டிருக்கும். எனவே கேனுலா போட்ட கை எப்போதும் கண்ணில் படட்டும். தசைத்தளர்வும் கொடுத்திருந்தால் மூளை அலைக் கருவி கட்டாயம், எண் 40க்கும் 60க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

சிசேரியனுக்கு ஸ்பைனல்தான் முதல் தேர்வு. இங்கும் எடை உதவாது. கர்ப்பத்தில் தண்டுவடத்தைச் சுற்றிய ரத்தக்குழாய்கள் (சிரைகள்) வீங்கி, மருந்து பரவும் இடம் சுருங்கிவிடுகிறது. கால் அறுவைக்கு மரக்கச் செய்யும் மருந்தான 0.5 சதவீத ஹெவி பியூபிவகேன் 2.5 முதல் 3 மில்லி கொடுக்கும் இடத்தில், இங்கே 1.8 முதல் 2.2 மில்லி, கூட ஃபென்டனில் 10 முதல் 15 மைக்ரோகிராம். குத்தி முடித்ததும் படுக்கையை இடப்பக்கம் 15 டிகிரி சாய்த்து, ஃபினைலெஃப்ரினை நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வீதம் உடனே தொடங்குங்கள். பி.பி. விழட்டும், பார்த்துக்கொள்வோம் என்று காத்திருக்க வேண்டாம். “குமட்டுகிறது” என்று தாய் சொல்வது பெரும்பாலும் கருவிக்கு முன்னால் வரும் பி.பி. எச்சரிக்கை. மரப்பு மார்புக்காம்பு மட்டம்வரை வந்ததைக் குளிர்ந்த பஞ்சால் சோதித்த பிறகே கத்தி வைக்க அனுமதியுங்கள். விரல் மரத்து, கைப்பிடி தளர்ந்து, குரல் கிசுகிசுப்பாக மாறினால் மருந்து மேலே ஏறுகிறது என்று பொருள். அடுத்த சில நிமிடத்தில் மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். முழு மயக்கம்தான் வழி என்றால் வாயுவை அளவோடு வையுங்கள். கர்ப்பத்தில் மேக் கால்பங்குக்குமேல் குறையும், அதிக வாயு கருப்பையைத் தளர்த்தி ரத்தப்போக்கைக் கூட்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்குத் தசைத்தளர்வுக்கு அட்ராகூரியம் அல்லது சிஸ்-அட்ராகூரியம். இவை ரத்தத்தின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தானாகச் சிதைபவை. மார்ஃபின் வேண்டாம், அதன் கழிவுப்பொருள் தேங்கி மறுநாள் மூச்சை அடக்கும். தீக்காயம் பட்டு ஒரு நாள் கடந்தவர், தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர், டுஷேன் தசைநோய்க் குழந்தை ஆகியோருக்குச் சக்சினைல்கோலின் கூடாது. பொட்டாசியம் எகிறி இதயம் நிற்கும். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் காய்ச்சல் கொதித்து விபரீதம் ஆனதா என்று கேளுங்கள். ஆம் என்றால் வாயுவும் சக்சினைல்கோலினும் தொடவே கூடாது. அந்தக் காய்ச்சல் வந்துவிட்டால் அதற்கான மருந்து டான்ட்ரோலீன், முதல் அளவு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம்.

மரத்துப்போகும் ஊசியில்தான் எடை நேராகப் பேசும். லிக்னோகேன் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், மொத்தம் 300க்கு மேல் போகாமல். அட்ரினலின் கலந்தால் 7, மொத்தம் 500. பியூபிவகேன் 2 முதல் 2.5. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும்: 2 சதவீதம் என்றால் 20. 60 கிலோக்காரருக்குச் சாதா லிக்னோகேன் 270 மில்லிகிராம், அதாவது 13.5 மில்லி. 10 கிலோக் குழந்தைக்கு 0.5 சதவீதப் பியூபிவகேன் 5 மில்லிதான் உச்சவரம்பு. அறுவை மருத்துவர் காயத்தைச் சுற்றிப் போடுவதும் இந்தக் கணக்கில் சேரும், அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். இரண்டு மருந்து கலந்தால் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு கிடையாது, நச்சுத்தன்மை கூடிக்கொள்ளும். வாயைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், உலோகச் சுவை, பிதற்றல் என்றால் ஊசியை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் குழம்பு) கிலோவுக்கு 1.5 மில்லி, பிறகு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மில்லி. அந்த பாட்டில் இல்லாத அறையில் பெரிய பிளாக் எதையும் தொடங்காதீர்கள்.

கடைசியாகத் தசைத்தளர்வை மீட்பது. தலையை ஐந்து வினாடி தூக்குகிறாரே என்று குழாயை எடுத்துவிடக் கூடாது. தொண்டைத் தசை இன்னும் தளர்ந்திருக்கும்போதும் பலரால் தலையைத் தூக்க முடியும். அவர்களுக்குத்தான் மீட்பறையில் மூச்சடைக்கும். கை நரம்பை நான்கு முறை தூண்டி, கட்டைவிரல் துடிப்பைக் கருவியால் அளக்க வேண்டும்; நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். தளர்வை மீட்கும் நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், மொத்தம் 5க்கு மேல் வேண்டாம், கூட நாடி குறையாமலிருக்கக் கிளைகோபைரோலேட் கிலோவுக்கு 0.01. நான்கு துடிப்பும் தெரிந்த பிறகே கொடுங்கள், ஆழ்ந்த தளர்வில் அது பயன்படாது. ரோகுரோனியத்துக்குச் சுகமடெக்ஸ்: இரண்டாவது துடிப்பு தெரிந்தால் கிலோவுக்கு 2, ஆழ்ந்த தளர்வில் 4 மில்லிகிராம். அதைப் பெற்ற பெண் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அடுத்த 7 நாளைக்கு வேறு தடுப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.